அப்பாவிடம் சொல்லு, அம்மாவிடம் சொல்லு

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பத்தாம் வகுப்பில் 468 மார்க் வாங்கியவள், காலாண்டுத் தேர்வில் இரண்டு பாடத்தில் பெயில். பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்று வலி என்கிறாள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. எந்நேரமும் கதவைச் சாத்திக்கொண்டு செல்போன்தான். கவுன்சலரிடம் போனால் அப்பா, அம்மா இருவரும் வர வேண்டும் என்கிறார். கணவர் என் நகையை என்னைக் கேட்காமல் அடகு வைத்துத் தன் தம்பிக்குப் பணம் கொடுத்ததிலிருந்து, நான்கு வருடமாக நானும் அவரும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் வீட்டில் சண்டை சச்சரவு கிடையாது. கவுன்சலிங்குக்கு வருவாரா என்று மகளை விட்டுத்தான் கேட்கச் சொன்னேன். "எனக்கென்ன பைத்தியமா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவளை மட்டும் அழைத்துப்போய்ச் சரிசெய்ய முடியாதா? கவுன்சலரிடம் அவள் என்ன சொல்கிறாள் என்று நான் தெரிந்துகொள்ள வழி உண்டா?

வாசகி, நாமக்கல்

பதில்: சகோதரி, மார்க்கையும் செல்போனையும் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "மகளை விட்டுத்தான் கேட்கச் சொன்னேன்" என்று, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசித்தீர்களா? ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாவிடம் போய், "என்னை கவுன்சலிங் கூட்டிட்டுப் போகணுமாம், நீங்களும் வரணுமாம்" என்று அந்தப் பெண்ணே சொல்ல வேண்டும். தன் கஷ்டத்துக்கான தூதும் அவளே. "எனக்கென்ன பைத்தியமா" என்ற பதில் உங்களுக்கு வந்தது என்று நினைக்கிறீர்கள். அதை முதலில் வாங்கிக்கொண்டவள் அவள். பைத்தியத்துக்குத்தான் கவுன்சலிங் என்றால், அங்கே போகப்போகிற தான் யார் என்று அவள் நினைத்திருக்க மாட்டாளா? அதோடு அடுக்களைக்கு வந்து, அந்தச் சொல்லை அப்படியே உங்களிடம் ஒப்பிக்கவும் வேண்டியிருந்தது.

நான்கு வருடம் என்றால் அவள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது தொடங்கியது. "கேஸ் தீர்ந்துபோச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு." "ராத்திரி சாப்பாடு வேண்டாம்னு உங்கம்மாகிட்ட சொல்லு." கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் அவள் வழியாகத்தான். இப்படித் தூது போகும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சொன்னதை அப்படியே சொன்னால் வீடு பற்றி எரியும் என்று தெரிந்து, காரத்தைக் குறைத்துச் சொல்வார்கள். யாருக்கு எப்போது கோபம் வரும் என்று முகத்தைப் பார்த்தே கணக்குப் போடுவார்கள். வீட்டில் சண்டை இல்லை என்கிறீர்கள். சண்டை இருக்கிறது, அதை அந்தக் குழந்தை வாங்கி வைத்துக்கொள்கிறது. உங்கள் இருவருக்கும் கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா?

குடும்ப சிகிச்சையில் பெரிய பெயர் சால்வடார் மினுச்சின். 1970களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அவரது குழுவினர், சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோரைத் தங்களுக்குள் இருந்த பிணக்கைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு அப்பாலிருந்து பிள்ளையைப் பார்க்க வைத்தார்கள். மனப் பதற்றத்தில் ரத்தத்தில் கூடுகிற கொழுப்பு அமிலத்தை அளந்துகொண்டே இருந்தார்கள். பிறகு பிள்ளையை அறைக்குள் பெற்றோரிடம் அனுப்பினார்கள். பெற்றோருக்கு அளவு இறங்கியது, பிள்ளைக்கு இறங்காமல் நின்றது. உங்கள் மகளின் வயிற்று வலிக்குக் காரணம் இதுதான் என்று நான் இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஸ்கேனில் தெரியாததால் அது நடிப்பு ஆகிவிடாது. மனம் நெருக்கடியில் இருக்கும்போது குடல் உண்மையாகவே வலிக்கும்.

அவளை மட்டும் அழைத்துப்போகலாமா என்றால், போகலாம். அவளிடம் தனியாகவும் பேசத்தான் வேண்டும். ஆனால் பேசி முடித்து அன்று மாலையே அதே ஹாலுக்குத்தானே திரும்புகிறாள்? இருவரையும் கவுன்சலர் கூப்பிட்டது அதற்காகத்தான். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குடும்பத்தையே தங்கவைத்துச் சிகிச்சை தருவதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. குடும்பம் சேர்ந்து போவது அவ்வளவு சாதாரணமான விஷயம்.

அவள் என்ன சொல்கிறாள் என்று தெரிந்துகொள்ள வழி கேட்கிறீர்கள். கிடையாது. உயிருக்கு ஆபத்து என்றால் கவுன்சலரே சொல்வார். பாலியல் துன்புறுத்தல் என்றால் 2012 போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். மற்றது அவளுடையது. வெளியே வந்ததும் "என்ன கேட்டாங்க, என்ன சொன்னே" என்று பிடித்துக்கொள்ளாதீர்கள். நீங்களாகக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?" கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், வராது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். அன்றே டாக்டரிடம் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.

நகை விஷயத்தில் நியாயம் உங்கள் பக்கம்தான். கேட்காமல் எடுத்தது தவறு. அதை அவரிடம் கேளுங்கள், கத்தியே கேளுங்கள். குடும்பம் சேர்ந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறவள் நான். முடியவே முடியாது என்றால் குடும்ப நல நீதிமன்றம் இருக்கிறது. அங்கேயும் 1984 சட்டப்படி முதலில் சமரசத்துக்குத்தான் முயல்வார்கள். அந்தப் பேச்சுக்கும் கணவன் மனைவியைத்தான் கூப்பிடுவார்கள். சேர்ந்திருப்பதோ பிரிவதோ, நீங்கள் இருவரும் வாயைத் திறந்துதான் ஆக வேண்டும்.

இன்றைக்கே மகளை உட்காரவைத்து, "இனிமே அப்பாகிட்ட நானே பேசிக்கிறேன், உன்னை நடுவில் விட்டது எங்க தப்பு" என்று சொல்லுங்கள். அவர் பழக்கத்தில் அவளிடம் சொல்லி அனுப்பினால், "இதை எங்கிட்டயே சொல்லுங்க" என்று அவர் காதில் விழும்படி சொல்லுங்கள். குரல் எழும்பாவிட்டால் முதல் சில நாள் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், பரவாயில்லை. கேஸ் சிலிண்டரிலிருந்து தொடங்குங்கள். பிறகு கவுன்சலரிடம் தேதி வாங்கி, அந்தத் தேதியை அவரிடம் நீங்களே சொல்லுங்கள். வரமாட்டேன் என்றால் விடுங்கள், நீங்களும் மகளும் போங்கள். ஒருவரை வைத்துக்கொண்டும் கவுன்சலர்கள் வேலையைத் தொடங்குவார்கள்.