படம், ஒலி: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: நண்பர் அனுப்பிய எம்பி4 கோப்பில் ஒலி மட்டும் கேட்கிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. என்னிடமுள்ள மற்ற எம்பி4 கோப்புகள் நன்றாக ஓடுகின்றனவே, ஐயா?

பதில்: எம்பி4 வெறும் டப்பா. உள்ளே இருப்பதை எப்படிச் சுருக்கியிருக்கிறார்கள் என்பதுதான் கோடெக். உங்களுடையவை 2003-இல் வந்த எச்.264 ஆக இருக்கும்; நண்பரின் கைபேசி 2013-இல் வந்த எச்.265-இல் பதிவு செய்திருக்கக்கூடும்; அதை விரிக்க உங்கள் கருவிக்குத் தெரியவில்லை போலும். ஒலி இரண்டிலும் பெரும்பாலும் ஏஏசி என்ற கோடெக்தான், அதனால் கேட்கிறது. விஎல்சி பிளேயரில் திறந்து ‘கோடெக் தகவல்’ பகுதியைப் பாருங்கள். கோப்பின் பெயரை எம்கேவி (இன்னொரு வகை டப்பா) என்று மாற்றிப் பார்க்கிறவர்களும் உண்டு. பலன் இராது.

கேள்வி: 50 மெகாபிட் பிட்ரேட்டில் எடுத்தால் 64 ஜிபி கார்டு முகூர்த்தம் முடியும்வரை தாங்குமா?

பதில்: பிட்ரேட் என்பது ஒரு விநாடிக்குப் பதிவாகும் தரவின் அளவு. 8 பிட் ஒரு பைட். ஆக விநாடிக்கு 6.25 மெகாபைட், நிமிடத்துக்கு 375. சுமார் 2 மணி 50 நிமிடம் வரும். இரண்டரை மணி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மண்டபத்தில் எடுத்த படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுகின்றன. கேமரா பழுதா?

பதில்: இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மட்டமான எல்இடியும் பழைய டியூப்லைட்டும் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. ஷட்டர், அதாவது ஒரு ஃபிரேம் ஒளியை வாங்கும் நேரம், 1/60 விநாடியில் இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொரு ஃபிரேமிலும் அரைகுறையாகப் பதியும். விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள். 1/60 என்பது 60 ஹெர்ட்ஸ் மின்சாரமுள்ள அமெரிக்காவுக்குச் சரி. அங்கிருந்து வரும் பாட வீடியோக்களைப் பார்த்து இங்கேயும் அப்படியே வைத்துவிடுகிறார்கள்.

கேள்வி: கெட்டிமேளம் முழங்கிய இடத்தில் ஒலி கரகரக்கிறது. எடிட்டிங்கில் வால்யூமைக் குறைத்தும் போகவில்லை.

பதில்: போகாது. டிஜிட்டல் ஒலிக்கு 0 டெசிபல்தான் உச்ச வரம்பு. அதைத் தாண்டும் அலையின் முகடு வெட்டுப்படுவதே கிளிப்பிங். வால்யூமைக் குறைத்தால் வெட்டுப்பட்ட அலைதான் மெதுவாகக் கேட்கும். புரோகிதர் விரலை உயர்த்தியதுமே கை கெயினுக்கு (பதிவாகும் ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) போயிருக்க வேண்டாமா? பேச்சின் உச்சத்தை மைனஸ் 12 டெசிபலை ஒட்டி வைத்து, மேளத்துக்கு இன்னும் இறக்குங்கள். 24 பிட்டில் பதிவு செய்தால், தாழ்வாக எடுத்துப் பிறகு உயர்த்தினாலும் அந்தப் பதிவினால் இரைச்சல் தலைதூக்காது.

கேள்வி: சாம்பிள் ரேட் 44.1, 48, 96. எது?

பதில்: சாம்பிள் ரேட் என்பது விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிகிறார்கள் என்பது. வீடியோவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ். 44.1 என்பது 1982-இல் விற்பனைக்கு வந்த இசைக் குறுந்தட்டின் அளவு. 96 உங்கள் கார்டை நிரப்பும், அவ்வளவுதான்.

கேள்வி: கைபேசியில் படம், தனி ரெக்கார்டரில் ஒலி. தொடக்கத்தில் பொருந்திய உதடசைவு அரை மணியில் விலகிவிடுகிறது.

பதில்: பல கைபேசிகள் ஃபிரேம் எண்ணிக்கையைத் தாமே கூட்டிக் குறைக்கின்றன. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் மாறாத ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு எடிட்டிங்கைத் தொடங்குங்கள். பின்னும் சற்று விலகினால், அது இரு கருவிகளின் கடிகார வேறுபாடு. பேச்சின் இடைவெளி ஒன்றில் ஒலியை வெட்டி நகர்த்தினால் போதும்.