முதியோர் பராமரிப்பாளராக வேலைக்குச் சேர விரும்புகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

வீடுகளிலும் முதியோர் இல்லங்களிலும் 18 ஆண்டுகளாகப் பராமரிப்பாளராக வேலை செய்துவருகிறேன். இத்தொழிலுக்குப் புதிதாக வர நினைப்பவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 41 வயதாகிறது. நான்கு ஆண்டுகள் மாமியாரைக் கவனித்துக்கொண்டதைத் தவிர வேறு தகுதி எதுவும் இல்லை. என்னை வேலைக்கு எடுத்துக்கொள்வார்களா?

பதில்: எடுத்துக்கொள்வார்கள். ஆனால் நேர்காணலில் ‘மாமியாரைப் பார்த்துக்கொண்டேன்’ என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். முதியவர் ஒருவருக்கு எவ்வளவு உதவி தேவை என்பதை அளக்க, அமெரிக்க மருத்துவர் சிட்னி கட்ஸ் 1963இல் வெளியிட்ட அளவுகோல் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. குளித்தல், உடுத்துதல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீரையும் மலத்தையும் அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறுமே அதன் கணக்கு. இவற்றுள் எவற்றுக்கு, எந்த அளவுக்கு நீங்கள் உதவினீர்கள் என்று சொல்லுங்கள். கேட்பவருக்கு உங்கள் அனுபவம் உடனே விளங்கிவிடும். முதலுதவி, தொற்றுத் தடுப்பு, நோயாளியை இடம் மாற்றும் முறை ஆகியவற்றுக்கு ஒரு குறுகிய காலப் பயிற்சியை அவசியம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பழக்கத்தால் கற்றவற்றில் சில தவறாகவும் இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

கேள்வி: பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த பெரியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ள அழைக்கிறார்கள். நான் ஒல்லியான உடல்வாகு கொண்டவள். என்னால் அவரைத் தூக்க முடியுமா, அக்கா?

பதில்: தூக்கவே கூடாது, தங்கையே. அவரிடம் மிச்சமிருக்கும் பலத்தைக் கொண்டு அவரே எழுவதற்குத் துணைநிற்பதுதான் உங்கள் வேலை. சக்கர நாற்காலியை அவருடைய பலமுள்ள இடப்பக்கத்தில், கட்டிலை ஒட்டிச் சற்றுச் சாய்வாக நிறுத்தி, இரண்டு பிரேக்குகளையும் போட்டுவிடுங்கள். பிறகு அவரைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிந்திருக்கின்றனவா என்று பார்த்து, ஓரிரு நிமிடம் காத்திருங்கள். படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழ நேரிடும். நீங்கள் பலமற்ற பக்கத்தில் நெருங்கி நின்று, முதுகை வளைக்காமல் முழங்கால்களை மடக்கி, ‘மூன்று சொன்னதும் எழுந்திருக்கலாம் ஐயா’ என்று சொல்லிவிட்டு எண்ணுங்கள். அவர் கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள். பக்கவாதம் தாக்கிய தோள் எளிதில் நழுவிவிடும். சட்டை போடும்போது பலமற்ற கை முதலில் நுழைய வேண்டும். கழற்றும்போது பலமுள்ள கை முதலில் வெளியே வர வேண்டும். தனியாக முடியாத நிலை என்று தோன்றினால், இன்னொருவர் வேண்டும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் புண் வராமல் தடுக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள். இழுக்காமல், அடியில் விரித்த துணியைப் பிடித்து இருவராக நகர்த்துங்கள். வால் எலும்பு, குதிகால், இடுப்பு, முழங்கை ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு வெளுக்காமல் அப்படியே இருந்தால், புண் தொடங்கிவிட்டது என்று பொருள்; அன்றே செவிலியரிடம் சொல்லுங்கள். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது.

கேள்வி: மறதிநோய் உள்ள பாட்டி ஒருவர், இறந்துபோன கணவர் எங்கே என்று தினமும் கேட்கிறார். உண்மையைச் சொல்வதா?

பதில்: ஒவ்வொரு முறையும் இறப்பைச் சொன்னால், ஒவ்வொரு முறையும் அவர் அதைப் புதிதாகக் கேட்டு அழுவார். அதற்காகப் பொய் சொல்லவும் எனக்கு மனம் வராது. ‘ஐயாவை ரொம்பத் தேடுகிறது போலிருக்கிறதே, அவரைப் பற்றிச் சொல்லுங்கள் அம்மா’ என்பேன். பெரும்பாலும் அவருக்குத் தேவைப்பட்டது அந்தப் பேச்சுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மறதிநோய் மெல்ல மெல்லக் கூடும். ஓரிரு நாளில் குழப்பம் திடீரென்று அதிகரித்தால் அது வேறு ஏதோ ஒன்றின் அறிகுறி. நான் கவனித்த ஒரு பாட்டி, முந்தைய நாள் வரை என்னைப் பெயர் சொல்லி அழைத்தவர், ஒரு காலையில் என்னைத் திருடி என்று கூச்சலிட்டார். காய்ச்சல் இல்லை, வலி என்றும் சொல்லவில்லை. சிறுநீர் மட்டும் கலங்கலாக இருந்தது. பரிசோதனையில் சிறுநீர்த் தொற்று என்று தெரிந்தது. மருந்து கொடுத்த சில நாட்களில் பழையபடி பேசினார். நீரிழப்பும் புதிதாகத் தொடங்கிய மருந்தும்கூட இப்படிச் செய்யக்கூடும்.

கேள்வி: நான் ஆண். வயதான ஒருவரைக் குளிப்பாட்டுவதை நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது.

பதில்: அவருடைய கூச்சம் உங்களுடையதைவிடப் பெரிது, தம்பி. கழுவும் பகுதியை மட்டும் திறந்து, மற்றதைத் துண்டால் மூடிவையுங்கள். தண்ணீரின் சூட்டை முதலில் உங்கள் மணிக்கட்டிலும் பிறகு அவர் கையிலும் விட்டுப் பாருங்கள். அவரால் முகம் கழுவ முடியுமென்றால், எவ்வளவு நேரமானாலும் அதை அவரே செய்யட்டும்.

கேள்வி: சேருவதற்கு முன் எவற்றைப் பேசி முடிவு செய்ய வேண்டும்?

பதில்: வேலை நேரம், வார விடுமுறை, இரவில் எத்தனை முறை எழ வேண்டியிருக்கும், சமையலும் வீட்டுவேலையும் சேருமா, மாத்திரை கொடுக்கும் பொறுப்பு யாருடையது, சம்பளம் எந்தத் தேதியில் கிடைக்கும் ஆகிய எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். பணமும் நகையும் உங்கள் பொறுப்பில் வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பார்த்துக்கொண்டவர் இறந்துவிட்டால், மறுநாளே இன்னொரு வீட்டுக்குப் போக முடியுமா?

பதில்: என்னால் முடிந்ததில்லை. முதன்முறை, மூன்றாண்டுகள் உடனிருந்த அம்மா போன அன்று, வழக்கமாக எழுதும் குறிப்பேட்டில் கடைசி இரவின் விவரங்களை நேரத்தோடு எழுதி மகளிடம் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் வேலை வேண்டாம் என்று மேலாளரிடம் கேட்டேன். நீங்களும் தயங்காமல் கேளுங்கள்.