சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார்: பொறுப்பு வீட்டுக்காரருக்கா, மேஸ்திரிக்கா?

கேள்வி: தஞ்சாவூர் பக்கத்தில் சொந்தமாக மாடி வீடு கட்டுகிறோம். கணவர் வெளிநாட்டில் இருப்பதால் வேலையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மேஸ்திரியிடம் சதுர அடிக் கணக்கில் கூலி கான்ட்ராக்ட் பேசி எழுதி வாங்கினேன். 'ஆட்களுக்கு ஏதாவது ஆனால் வீட்டுக்காரர் பொறுப்பல்ல' என்ற வரியும் அதில் இருக்கிறது. லிண்டல் மட்டம் தாண்டியதும் மேஸ்திரி ஆட்களுக்குக் கூலி பாக்கி வைக்க ஆரம்பித்தார். அதனால் சனிக்கிழமைதோறும் நானே ஒவ்வொருவருக்கும் ஜிபேயில் போட்டேன். 2025 ஆகஸ்டில் வெளிப்பூச்சு நடக்கும்போது சாரம் சரிந்து, 40 வயது கொத்தனார் ஒருவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். 50,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். இன்னும் ஒரு லட்சம் கொடுத்தால் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கித் தருவதாக மேஸ்திரி சொல்கிறார். கட்டட அனுமதி வாங்கும்போது தொழிலாளர் நலநிதி கட்டியிருக்கிறேன். அது இன்சூரன்ஸ் ஆகாதா? மீதி வேலைக்கு என்ன இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும்?

பதில்: அம்மா, முதலில் அந்த முத்திரைத்தாளை நிறுத்துங்கள். அதனால் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் வராது. தொழிலாளி தன் இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி செல்லாது. காயத்துக்குச் சமரசம் பேசலாம், அதில் தவறில்லை. ஆனால் அந்த உடன்படிக்கையை இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அதிகாரிதான் அந்தப் பொறுப்பில் இருப்பார். தொகை போதாது என்று தோன்றினால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். பதியாமல் வெளியே கொடுத்தீர்கள் என்றால், பின்னாளில் முழு இழப்பீடும் கட்டச் சொல்லும்போது, ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ள 29-ஆம் பிரிவு பொதுவாக விடாது. ஒன்றரை லட்சம் கொடுத்துவிட்டு 75,000-க்குத்தான் கணக்குக் காட்ட முடியும்.

அடுத்தது, பொறுப்பு யாருக்கு என்பது. இதில் நான் உங்களுக்கு ஆறுதலாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. 'வீட்டுக்காரர் பொறுப்பல்ல' என்ற வரி உங்களுக்கும் மேஸ்திரிக்கும் இடையில் மட்டும் பேசும். கொத்தனார் அதில் கையெழுத்துப் போடவில்லை, அது அவரைக் கட்டுப்படுத்தாது. கான்ட்ராக்ட் எழுதியபடியே நடந்திருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருந்திருக்கும். கான்ட்ராக்டரின் ஆளுக்கு வேலை கொடுத்தவரும் பொறுப்பு என்று சொல்லும் 12-ஆம் பிரிவு, கட்டுமானத்தையே தொழிலாகச் செய்பவர்களுக்குத்தான் பொருந்தும். குடியிருக்க வீடு கட்டுவது உங்கள் தொழில் அல்ல. ஆனால் லிண்டலுக்கு மேல் நடந்தது வேறு. சனிக்கிழமைதோறும் உங்கள் செல்போனிலிருந்து ஒவ்வொருவர் பெயருக்கும் போன தொகை, தேதியோடு வங்கிக் கணக்கில் இருக்கிறது. கூலி கொடுத்தவர், வேலையை மேற்பார்த்தவர் நீங்கள். மேஸ்திரி ஆள் கூட்டி வந்தவர் மட்டுமே என்று கொத்தனாரின் வழக்கறிஞர் வாதிடுவார். முன்பு, தொழிலுக்காக அல்லாமல் தற்காலிகமாக வைத்த ஆளுக்கு இந்தச் சட்டம் கிடையாது என்ற விலக்கு இருந்தது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். மனுவில் உங்கள் பெயரும் மேஸ்திரி பெயரும் சேர்ந்தே வரும் என்று எடுத்துக்கொண்டு தயாராகுங்கள். உங்கள் மேல் தொகை விழுந்தால், ஒப்பந்தத்தின் அந்த வரியை வைத்து அதை மேஸ்திரியிடமிருந்து வசூலிக்க சிவில் வழக்கு போடலாம். அந்த வரியின் பயன் அவ்வளவுதான்.

எவ்வளவு வரும்? கூலி எவ்வளவு இருந்தாலும் மாதம் 15,000 ரூபாய் வரைதான் கணக்கு. வயதுக்கு ஏற்ப சட்ட அட்டவணை தரும் பெருக்கு எண்ணான காரணி, 40 வயதுக்கு 184.17. முழு நிரந்தர ஊனம் என்றால் கூலியில் 60 சதவீதமான 9,000 ரூபாயை அதனால் பெருக்கினால் 16,57,530 ரூபாய். சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனதாக மருத்துவர் மதிப்பிட்டால் 4,97,259 ரூபாய். அவர் இறந்திருந்தால் 13,81,275 ரூபாய். சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவு தனி. தாமதித்தால் 12 சதவீத வட்டி, தக்க காரணம் இல்லாவிட்டால் தொகையில் பாதிவரை அபராதமும் உண்டு. மேஸ்திரி பேசும் ஒரு லட்சத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த மனிதர் திரும்பச் சாரத்தில் ஏற முடியுமா என்பதே இன்னும் தெரியவில்லை. அவர் மனு போட விபத்து நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.

'அவர் கவனமில்லாமல் கால் வைத்தார்' என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் அதை நம்பிப் போகாதீர்கள். வெறும் கவனக்குறைவு இந்தச் சட்டத்தில் எதிர்வாதம் ஆகாது.

நலநிதி பற்றிக் கேட்டீர்கள். கட்டுமானச் செலவில் 1 சதவீதம் என்று வாங்கிய அந்தப் பணம் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்துக்குப் போகிறது. விபத்து உதவிக்கு அங்கே விண்ணப்பிக்கக் கொத்தனார் குடும்பத்துக்கு உதவுங்கள், அது அவசியம். ஆனால் அந்த ரசீது உங்களுக்கு இன்சூரன்ஸ் பாலிசி அல்ல. என்னிடம் வரும் வீட்டுக்காரர்களில் பலர் இதே ரசீதைத்தான் முதலில் எடுத்து நீட்டுகிறார்கள்.

சரி, மீதி வேலைக்கு வருவோம். உங்களுக்குத் தேவை பணியாளர் இழப்பீட்டு பாலிசி. நடந்துபோன விபத்துக்கு அது உதவாது, எடுத்த தேதியிலிருந்துதான். ஏஜென்ட் பெரும்பாலும் 'கான்ட்ராக்டர் ஆல் ரிஸ்க்' பாலிசியைக் காட்டுவார். கட்டடம் இடிவது, பொருள் சேதம், பக்கத்து வீட்டுச் சுவர், தெருவில் போகிறவர் மேல் செங்கல் விழுவது ஆகியவற்றுக்கு அது நல்லது, எடுங்கள். ஆனால் உங்கள் சாரத்தில் நிற்கும் கொத்தனாரும் சித்தாளும் அதன் பொறுப்புப் பகுதியில் வரமாட்டார்கள். 20 ரூபாய் பிரதமர் விபத்துக் காப்பீட்டை ஆட்கள் எல்லோருக்கும் போட்டுவிடுங்கள். இறந்தால் 2 லட்சம் வரும். அதைக் காட்டி உங்கள் பொறுப்பைக் குறைக்க முடியாது.

இழப்பீட்டு பாலிசி எடுக்கும்போது ஆட்களின் எண்ணிக்கையையும் கூலியையும் குறைத்துச் சொல்லாதீர்கள். எட்டுப் பேர் வேலை செய்யும் இடத்தில் நான்கு பேருக்கு பிரீமியம் கட்டினால், விபத்தன்று தகராறு அங்கேதான் தொடங்கும். கான்ட்ராக்டர் கொண்டுவரும் ஆட்களும் சேரும்படி எழுதச் சொல்லுங்கள். மருத்துவச் செலவுக்குக் கூடுதல் பிரீமியம் கேட்டால் கட்டிவிடுங்கள். அபராதத்தைப் பொதுவாக எந்த நிறுவனமும் ஏற்காது. 2025 நவம்பர் 21 முதல் 1923 சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. உங்கள் விபத்து அதற்கு முந்தையது, பழைய சட்டமே பொருந்தும். புதிய பாலிசியில் அந்தச் சட்டத்தொகுப்பின் கீழ் வரும் பொறுப்பும் அடங்கும் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

யார் பெயரில் எடுப்பது? கூலியை இனியும் நீங்களே போடப்போகிறீர்கள் என்றால் உங்கள் பெயரில். மேஸ்திரி மூலம் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் மேஸ்திரி பெயரில் எடுக்கச் சொல்லி, உங்கள் பெயரையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். பாலிசி நகல் கைக்கு வந்த பிறகுதான் அடுத்த அட்வான்ஸ். என்னைப் பார்க்க வரும்போது கான்ட்ராக்ட் தாள், ஜிபே ஸ்டேட்மென்ட், மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு, மேஸ்திரி ஆள் கணக்கு எழுதும் நோட்டு நான்கையும் கொண்டு வாருங்கள். நோட்டை அவர் தரமறுத்தால் விபத்து வாரத்துப் பக்கத்தை போட்டோவாவது எடுத்துக்கொள்ளுங்கள்.