ஊரில சட்டத்தரணி, ரொறன்ரோவில?

தம்பி, ஊரில வழக்குப் பேசின நான் ரொறன்ரோவில திரும்பக் கறுப்புக் கோட்டுப் போடலாமோ, வாடகை எவ்வளவு, பனிக்கு என்ன சப்பாத்து எண்டு கேட்டிருக்கிறீர். சப்பாத்தைக் கடைக்காரன் சொல்லுவான். வாடகையைக் கேளாதையும், நித்திரை வராது.

கோட்டுப் போடலாம். முதல்ல, காசு வாங்கிக்கொண்டு 'எல்லாம் முடிச்சுத் தாறன்' எண்டு வாற எங்கட ஆக்களிட்டக் கவனம். என்சிஏ எண்டது வெளிநாட்டில சட்டம் படிச்ச ஆக்களின்ர தகுதியைப் பாக்கிற கனடாக் குழு. அதின்ர மதிப்பீட்டுக்கு நீரே விண்ணப்பிக்கலாம். காசு வாங்கிற ஆக்களிலும் பொல்லாத ஆக்கள், 'இஞ்ச அதெல்லாம் சரிவராது, வேலைக்கு வாரும்' எண்டு அன்பாக் கூட்டிக்கொண்டு போறவை. என்னையும் அப்பிடித்தான் ஒரு களஞ்சியசாலையில விட்டினம். இரவில பெட்டி தூக்கி, பகலில படிச்சு, என்சிஏ, சட்டச் சங்கப் பரீட்சை எண்டு ஒவ்வொண்டாத் தாண்டினன். உதவிக்கு வந்தவை இண்டைக்கும் அதே களஞ்சியசாலையிலதான்.

பெரிய சோதனை ஆர்ட்டிக்ளிங்தான், அதாவது ஒரு சட்டத்தரணிக்குக் கீழ வேலை பழகிறது. ஊரில ஜூனியர் வைச்சிருந்த மனிசன், மகன் வயசுப் பெடியனுக்கு ஃபைல் தூக்க வேணும். அந்தக் காலத்தில இஞ்சத்தைச் சட்டச் சங்கத்தின்ர ஒஸ்குட் ஹோல் நூலகத்தில, ரொறன்ரோவின்ர பழைய மேயர் அடம் வில்சனைப் பற்றி வாசிச்சன். எடின்பரோவில பிறந்தவர், 1830இல பதினைஞ்சு வயசில கப்பலேறி வந்து ட்ரஃபல்காரில மாமன்ர ஆலையிலயும் கடையிலயும் வேலை செய்தவர். 1834இல றொபேட் போல்ட்வின் சலிவனிட்டச் சட்டம் பழகப் போனார். சலிவனும் வெளியால இருந்து, அயர்லாந்திலயிருந்து வந்த ஆள்தான், அடுத்த வருசமே ரொறன்ரோ மேயர். வில்சன் 1839இல சட்டத்தரணி, 1859இல மேயர். அதுவரைக்கும் மேயரை நகரசபை உறுப்பினர்தான் தெரிவு செய்தவை. சனம் நேரா வாக்குப் போட்டுத் தெரிவு செய்த முதல் ஆள் இவர். 1863இல நீதிபதி, பிறகு பிரதம நீதியரசர், சேர் பட்டமும் கிடைச்சது. 1891இல இஞ்சதான் கண்ணை மூடினார்.

'வந்தவன் மேயரானான், எங்களுக்கேன் ஏலாது' எண்டு மேடையில பேசுற ஆக்களை எனக்குப் பிடிக்காது. அவருக்கு மாமன் இருந்தார், ஆங்கிலம் இருந்தது. 'கனடா அனுபவம் இருக்கோ' எண்டு ஒருத்தரும் கேட்டிருக்கமாட்டினம். ஆனா கடையில நிண்டவர் ஒரு கந்தோரில போய் அடியிலயிருந்து பழகினார் பாரும், அது எனக்குப் பிடிக்கும்.

பெறுபேற்றுப் பத்திரத்தைப் பல்கலைக்கழகமே என்சிஏக்கு நேரா அனுப்ப வேணும். ஊரில நிக்கிற ஆரையாவது இப்பவே அலைய விடும்.