லேன் சகோதரிகளில் லியோட்டாவைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு

கேள்வி: ஹாலிவுட்டின் ஆரம்ப காலத்தில் பாடவும் நடிக்கவும் செய்த அக்கா தங்கைகள் யார்? அவர்களில் ஒருவர் மட்டும் பெரிய ஆளாவது ஏன்?

இரண்டாவதாகக் கேட்டிருக்கிறீர்களே, அதைப் பார்த்தால் உங்கள் வீட்டிலும் இரண்டு பேர் பாடுகிறார்கள் என்று தோன்றுகிறது. அப்படி நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

லேன் சகோதரிகள். அயோவா மாநிலத்தில் இண்டியனோலா என்ற சின்ன ஊர், அப்பா பல் டாக்டர், மொத்தம் ஐந்து பெண்கள். குடும்பப் பெயர் மல்லிகன். மூத்தவர் லியோட்டாவையும் லோலாவையும் நியூயார்க் மேடையில் ஏற்றிய மேடை நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கஸ் எட்வர்ட்ஸ்தான் அதை லேன் என்று மாற்றினார். படங்கள் பேசத் தொடங்கிய புதிதில், 1929இலேயே லோலா சினிமாவுக்குப் போய்விட்டார். (சூப்பர்மேன் கதையின் நாயகி லோயிஸ் லேனுக்கு அவர் பெயரை வைத்துத்தான் பெயரிட்டதாக அந்தக் கதையை எழுதிய ஜெர்ரி சீகலே சொல்லியிருக்கிறார்.) கடைக்குட்டிகள் ரோஸ்மேரியும் பிரிசில்லாவும் பிரெட் வேரிங்கின் இசைக்குழுவில் பாடிவிட்டு, அந்தக் குழுவோடே 1937இல் வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோவின் படத்துக்கு வந்தார்கள்.

மறுவருஷம் 'ஃபோர் டாட்டர்ஸ்' படம். இசைக் குடும்பம் ஒன்றில் பிறந்த நான்கு பெண்களின் கதை. மூன்று வேடம் லேன் சகோதரிகளுக்கு. நான்காவதுக்கு லியோட்டாவையும் சோதித்துப் பார்த்துவிட்டு, கேல் பேஜ் என்ற வேறு நடிகையைப் போட்டார்கள். சொந்த அக்கா இருக்கும்போது! வயதைக் காரணம் சொல்ல வருவார்கள். லோலாவும் அப்போது முப்பதைத் தாண்டியவர்தான்.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், நானும் தங்கையும் மதுரைப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்து பாடியவர்கள். நான் கீழ்ஸ்தாயியில் பிடித்தால் அவள் மேலே எடுப்பாள். கண்ணைக்கூடப் பார்த்துக்கொள்ள வேண்டாம். ஒருநாள் பெரிய குழு ஒன்றிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். "சின்னவள மட்டும் அனுப்புங்க சார். பெரியவளுக்குக் குரல் நல்லாத்தான் இருக்கு, மேடைக்கு எடுப்பா இல்ல" என்று அப்பாவிடம் சொன்னார். நான் அதே கூடத்தில் காபி டம்ளரோடு நின்றேன். "அக்கா வராட்டி நானும் போகலப்பா" என்று தங்கை அழுதாள். அவள் பெட்டியை அடுக்கிக் கொடுத்தது நான்தான்.

பொறாமை என்று எழுத வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இன்றைக்கும் அவள் பாட்டுக்கு முதல் ரசிகை நான்தான். என் கோபமெல்லாம் எங்கள் இரண்டு குரலும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்று கேட்டுக்கூடப் பார்க்காமல் போன அந்த மனிதர்மேல்தான். லேன் சகோதரிகளில் பெரிய ஆளான பிரிசில்லாவையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஹிட்ச்காக்கின் 'சபட்டார்' படத்தில் (1942) அவர்தான் கதாநாயகி, நன்றாகவே செய்திருப்பார். ஆனால் யாருக்கு எந்த வேடம் என்பதை ஸ்டூடியோ முதலாளிகளே முடிவு செய்த காலம் அது.

நான் இப்போது கல்யாண ரிசப்ஷன்களில் பாடுகிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மணி நேரம் தொண்டை வற்றப் பாடுகிறவர்களுக்குக் கடைசிப் பந்தியில் ஆறிய சாதமும் ரசமும்தான். போய்க் கேட்டால், "வீட்டு ஆளுங்களே இன்னும் சாப்பிடலம்மா" என்கிறார்கள். பாடகியும் மனுஷிதானே?

உங்கள் வீட்டுக்கும் அப்படி யாராவது கேட்டு வந்தால், பாடினால் ஜோடியாகத்தான் என்று வாசலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள். எங்கள் அப்பா சொல்லவில்லை.