கோழிக்குச் சளி, கொர் கொர் சத்தம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கால்நடைப் பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது வீட்டில் நாற்பது நாட்டுக்கோழி வைத்திருக்கிறேன். மழை விட்டுப் பனி இறங்கும் நேரம் வந்தால் "கோழிக்குச் சளி, என்ன மருந்து கொடுக்கலாம்?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். சளி என்பது ஒரே நோய் இல்லை. மூக்கு ஒழுகுவதும் கொர் கொர் சத்தமும் ஐந்தாறு நோய்களில் வரும். எது என்று தெரிந்த பிறகுதான் மருந்தைப் பற்றிப் பேச வேண்டும்.

பல்லடத்திலிருந்து: ஐயா, 12 பெட்டை வச்சிருக்கேன். ராத்திரில ரெண்டு கோழிகிட்ட இருந்து கொர் கொர்னு சத்தம் வருது. பகல்ல நல்லாத்தான் மேயுது. கடையில ஒரு ஆன்டிபயாட்டிக் பவுடர் குடுத்தாங்க. தண்ணில கலக்கலாமா?

ராத்திரியில் காது கொடுத்துக் கேட்டீர்கள் பாருங்கள், அதுதான் சரியான முறை. கோழிகள் அடைந்து ஒரு மணி நேரம் கழித்து, விளக்குப் போடாமல் கூண்டுப் பக்கம் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். பகல் இரைச்சலில் தெரியாத கொர் கொர் அப்போது தெளிவாகக் கேட்கும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நாள்பட்ட சுவாச நோய் மாதிரி இருக்கிறது. சி.ஆர்.டி. என்பார்கள். மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வருவது. இந்தக் கிருமிக்குச் செல்சுவர் கிடையாது. செல்சுவரை உடைத்துக் கிருமியைக் கொல்லும் பென்சிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகள் இதனிடம் வேலை செய்யாது. டைலோசின், டாக்சிசைக்ளின் போன்றவைதான் கேட்கும். அதனால் கடைக்காரர் கொடுத்த பொட்டலத்தில் என்ன மருந்து என்று முதலில் படியுங்கள். கோலிஸ்டின் என்று போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கோழி, கால்நடைகளுக்கு அதை 2019-லேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. அளவையும் நாளையும் கால்நடை மருத்துவர் எழுதித் தரட்டும். மூன்றாம் நாள் சத்தம் குறைந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். மருந்து கொடுக்கும் நாளிலும், அதன்பிறகு உறையில் போட்டிருக்கும் நாள்வரையும் முட்டை வீட்டுக்கும் வேண்டாம், விற்பனைக்கும் வேண்டாம்.

இன்னொன்று. கூண்டுக்குள் குனிந்து, கோழியின் மூக்கு இருக்கும் உயரத்தில், தரையிலிருந்து ஓரடியில் உங்கள் முகத்தை வைத்துப் பாருங்கள். கண் எரிகிறதா? நாம் நிமிர்ந்து நின்றால் தெரியாத எச்ச நெடி அங்கேதான் இருக்கும். அதில் உள்ள அம்மோனியா மூச்சுக்குழாயில் தூசியைத் தள்ளும் நுண்முடிகளைச் செயலிழக்கச் செய்துவிடும். பிறகு எந்தக் கிருமிக்கும் கதவு திறந்த மாதிரிதான். ஈர உமியை அள்ளி வெளியே போட்டுவிட்டுக் காய்ந்தது பரப்புங்கள். பனிக்குப் பயந்து நாலு பக்கமும் சாக்கு கட்டி மூடுகிறார்கள், அது பெரிய தவறு. கோழி அடையும் மட்டத்தில் காற்று அடிக்காமல் மறையுங்கள், அதற்கு மேலே திறந்தே இருக்கட்டும்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து: சந்தையில ஒரு சேவல் வாங்கி விட்டேன் சார். நாலே நாள்ல மத்த கோழிக்கெல்லாம் ஒரு பக்க மூஞ்சி வீங்கி, கண்ணு மூடிக்கிச்சு. கிட்டப் போனா நாத்தம்.

அந்த நாற்றம்தான் அடையாளம். வீங்கிய கோழியைப் பிடித்து மூக்குத் துளையின் மேல் மெல்ல அழுத்துங்கள். கெட்டியான சளி வந்து, அழுகின வாடை அடித்தால் பெரும்பாலும் கொரைசா. கிருமி ஏறி ஒன்று முதல் மூன்று நாளில் காட்டிவிடும். அதனால்தான் நாலு நாளில் கூண்டு முழுக்கப் பரவியது. பாக்டீரியா நோய்தான், மருந்து உண்டு. இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சுடவைத்து ஆறிய உப்புத் தண்ணீரில் கண்ணைத் துடைத்துவிடுங்கள். கண் தெரியாத கோழி தீனியைத் தேடிப் போகாது, பட்டினியிலேயே செத்துவிடும். தீனியையும் தண்ணீரையும் மூக்குக்குக் கீழே வையுங்கள்.

நானும் ஒருமுறை இதே தப்பைச் செய்திருக்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில் ஒரு கட்டுச்சேவலின் அழகில் மயங்கி வாங்கி வந்து, அன்று மாலையே மற்றவற்றோடு அடைத்தேன். 14 கோழியில் 9 போயிற்று. அதன்பிறகு எந்தக் கோழி வந்தாலும் 30 நாள் தனிப் பஞ்சாரம், தனித் தண்ணீர்த் தொட்டி. தினமும் பழைய கோழிகளைக் கவனித்து முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் புதுக்கோழியிடம் போவேன்.

மானாமதுரையிலிருந்து: சித்திரை வெயில்ல எல்லாக் கோழியும் வாயைப் பொளந்துக்கிட்டு மூச்சு வாங்குது. சளியா?

மூக்கு ஒழுகாமல், றெக்கையை விரித்துக்கொண்டு, வெயில் தாழ்ந்ததும் சரியானால் அது வெக்கைதான். கோழிக்கு வியர்க்காது, மூச்சு வழியாகத்தான் சூட்டைத் தணிக்கும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் போதும். மதியத்தில் விரட்டிப் பிடிக்காதீர்கள்.

உளுந்தூர்பேட்டையிலிருந்து: முதல்ல மூச்சுத் திணறல், அப்புறம் பச்சையும் வெள்ளையுமா கழிச்சல். இப்போ ரெண்டு கோழி கழுத்தைத் திருகிக்கிட்டு சுத்துது. என்ன மருந்து போடணும் ஐயா?

இது வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோய் மாதிரி தெரிகிறது, தம்பி. வைரஸ் நோய். வந்தபின் மருந்து கிடையாது. இதைச் சொல்லும்போது எனக்கே மனசு கனக்கிறது. ஏனென்றால் முழுக்கத் தடுக்கக்கூடிய சாவு இது. குஞ்சு பொரித்த 5 முதல் 7 நாளுக்குள் கண்ணில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து, நாலாவது வாரம் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டாவது வாரம் தடுப்பூசி. பிப்ரவரி வாக்கில் துறையே ஊர் ஊராக இலவசமாகப் போடும் முகாமைத் தவற விடாதீர்கள்.

தடுப்பு மருந்து வாங்கும்போது ஐஸ் வைத்த டப்பாவில் கொண்டுபோங்கள். கலக்கியபின் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கலந்தால் மருந்து வீண். ஏற்கெனவே சீக்கான கோழிக்குப் போடாதீர்கள். செத்ததைக் குப்பையிலோ ஓடையிலோ வீசாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். தெருவில் மற்றவர்கள் கோழிகளும் அதனால்தான் பிழைக்கும்.

பொள்ளாச்சியிலிருந்து: லசோட்டா குடுத்து நாலு நாள் ஆச்சு. குஞ்செல்லாம் தும்முது. பயமா இருக்கு.

உயிருள்ள தடுப்பு மருந்து, லேசான தும்மல் வரும். ஓரிரு நாளில் அடங்கிவிடும். அடங்காமல் கூடிக்கொண்டே போனாலோ, தீனி எடுக்காவிட்டாலோ மட்டும் காட்டுங்கள்.

அறந்தாங்கியிலிருந்து: வாய்க்குள்ள மஞ்சளா ஏதோ ஒட்டிக்கிட்டு இருக்கு. மூச்சு விட முடியல. சுரண்டி எடுக்கலாமா?

சுரண்டாதீர்கள் அம்மா. இழுத்தால் ரத்தம் வரும், அது மூச்சுக்குழாய்க்குள் போனால் அங்கேயே முடிந்துவிடும். கொண்டையிலும் தாடியிலும் கொப்புளம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அம்மை, அது வாய்க்குள்ளும் இறங்கியிருக்கிறது. கொசுதான் பரப்புகிறது. கொப்புளமே இல்லாமல் வாய்க்குள் வெள்ளை வெள்ளையாகச் சிறு புள்ளிகள் மட்டும் என்றால் வைட்டமின் ஏ குறைவாகவும் இருக்கலாம். எதுவானாலும் தீனியில் முருங்கைக் கீரை சேருங்கள், மூச்சு முட்டுகிற கோழியை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

திருவையாற்றிலிருந்து: கற்பூரவல்லி, துளசி, மிளகு, மஞ்சள் அரைச்சுக் குடுத்தா போதாதா சார்?

நானும் கொடுக்கிறேன். பனி நேரத்தில் தீனியில் பிசைந்து வைத்தால் ஆவலாகத் தின்னும், தொண்டைக்கு இதம். ஆனால் மூஞ்சி வீங்கின கோழிக்கும் கழுத்து திருகின கோழிக்கும் இதை மட்டும் கொடுத்துக்கொண்டு ஒரு வாரம் காத்திருந்தால், அதற்குள் கூண்டு காலியாகிவிடும்.

கம்பத்திலிருந்து: பக்கத்துல கேரளாவுல பறவைக் காய்ச்சல்னு சொல்றாங்க. என் கோழி பத்து நாளா தும்முது. அதுவா இருக்குமா?

பத்து நாளாகத் தும்மிக்கொண்டே தீனியும் எடுக்கிறது என்றால் பெரும்பாலும் அது இல்லை. பறவைக் காய்ச்சல் அப்படி நிதானமாக வராது. நேற்று நன்றாக இருந்த கோழிகள் இன்று கும்பலாகச் சாகும். கொண்டை நீலமாகும், தலை வீங்கும், காலில் ரத்தத் திட்டு தெரியும். அப்படிப் பார்த்தால் தொடாதீர்கள், அறுத்துப் பார்க்காதீர்கள், அவசரமாக விற்காதீர்கள். 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ உடனே சொல்லுங்கள். எல்லைப் பக்கம் இருப்பதால் வெளியூர்க் கோழி, வாத்து, கூண்டு எதையும் இப்போது உள்ளே கொண்டுவராதீர்கள்.

மறுபடியும் பல்லடத்திலிருந்து: ஐயா, மருத்துவர் எழுதின மருந்தை முழுசா குடுத்துட்டேன். சத்தம் நின்னுடுச்சு. இனி அந்த ரெண்டையும் அடை வைக்கலாமா?

சந்தோசம். ஆனால் அடை வைக்க வேண்டாம். சத்தம் நின்றாலும் கிருமி உடம்பில் தங்கிவிடும், முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போகும். மற்ற பத்தும் அதே கூண்டில்தான் இருந்தன, அவற்றின் முட்டையையும் அடைக்கு எடுக்காதீர்கள். மருந்து நாள் கழிந்தபின் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குஞ்சு வேண்டுமென்றால் சீக்கு வராத வேறு வீட்டு முட்டை வாங்கி, இந்தக் கோழிகள் அண்டாத இடத்தில், கருவி வைத்துப் பொரிக்கப் பாருங்கள். அந்த இரண்டையும் சந்தைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள்.