2007 மாடல் ஸ்பிளெண்டர்: முதலில் நிற்குமா என்று பாருங்கள்

"முதல் தடவையாக பைக் வாங்கியிருக்கிறேன். 2007 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர், நான் மூன்றாவது ஓனர். மீட்டர் 61,000 காட்டுகிறது. வாரக் கடைசியில் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்குப் போய்வர வேண்டும். என்னென்ன பார்க்க வேண்டும்? இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். காலையில் கிக் அடித்ததும் நீலப் புகை தொடர்ந்து வருகிறதா, ஆயில் வாரத்துக்கு வாரம் குறைகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அது பாட்டுக்கு ஓடட்டும். அந்த 97.2 சிசி இன்ஜின் நல்ல ஆயில் கிடைத்தால் பொறுமையாக உழைக்கும். ஹீரோவும் ஹோண்டாவும் பிரிந்து எத்தனையோ வருடம் ஆகியும் இதற்கு ஸ்பேர் கிடைப்பதில் குறையே இல்லை.

செக்கானூரணியிலிருந்து மதுரைக்கு நான் தினமும் ஓட்டிவருவது அப்பா வாங்கிய 2004 மாடல். பதினோரு வருடமாக என் கையில் இருக்கிறது. இன்ஜின் என்னை இரண்டு மூன்று முறை வழியில் நிறுத்தியிருக்கிறது, அவ்வளவுதான். உயிர்ப் பயம் காட்டியது சக்கரமும் பிரேக்கும். கையில் இருக்கும் காசை முதலில் அங்கே செலவழியுங்கள் என்று சொல்வது அதனால்தான்.

அதற்கு முன் ஒன்று. அந்த 61,000-ஐ நம்பாதீர்கள். மீட்டர் கேபிள் அறுந்து மாதக்கணக்கில் அப்படியே ஓடிய வண்டிகள் நிறைய. "போன மாதம்தான் ஆயில் மாத்துனேன்" என்று விற்றவர் சொன்னதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, இன்றைய தேதியையும் மீட்டரில் உள்ள எண்ணையும் முதல் வரியில் எழுதுங்கள். இனி என்ன மாற்றினாலும் அதில் ஏற வேண்டும்.

இப்போது பிரேக். மூன்று வருடம் முன்பு எனக்குப் பின் டயர் பஞ்சர். வழியில் ஒரு கடையில் ஒட்டிக்கொண்டு கிளம்பினேன். நாகமலை புதுக்கோட்டையை நெருங்கும்போது கீழே லேசாக டக், டக் என்று ஒரு சத்தம். வேகத்தைக் குறைத்தேன். டீக்கடை வாசலில் நின்ற ஒரு பெரியவர், "தம்பி, பின்னாடி ஏதோ கம்பி தொங்குது, பாருப்பா" என்றார். இறங்கிக் குனிந்தால், பின் பிரேக் தட்டையும் வண்டியையும் இணைக்கும் கம்பி ஒரு முனையில் கழன்று தொங்குகிறது. நட்டைக் காணோம். நட்டு கழறாமல் இருக்க அதன் வெளியே குத்த வேண்டிய சின்ன பின்னை, சக்கரத்தை மாட்டும்போது போடவே இல்லை. பிரேக் பிடிக்கும்போது தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றாமல் தடுப்பது அந்தக் கம்பிதான். அது இல்லாமல் ஒரு முறை அழுத்தி மிதித்திருந்தால், தட்டு சுற்றி, பிரேக் ராடையும் இழுத்துக்கொண்டு சக்கரம் ஓட்டத்திலேயே இறுகியிருக்கும். பின்னால் பஸ் வந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து பின் சக்கரத்தை யார் கழற்றி மாட்டினாலும், காசு கொடுப்பதற்கு முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்ப்பேன்: ஆக்ஸில் நட்டு, அந்தக் கம்பியின் நட்டு, அதில் குத்தும் சின்ன பின், பிரேக் ராடு நட்டு. ஒரு நிமிடம் ஆகாது. கடைக்காரர் தப்பாக நினைத்தாலும் பரவாயில்லை, நீங்களும் பாருங்கள்.

உங்கள் வண்டியில் இரண்டு பக்கமும் டிரம் பிரேக் என்று வைத்துக்கொள்கிறேன். பிரேக் ராடு வந்து சேரும் இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், அதன் பக்கத்தில் தட்டில் ஒரு கோடு. பிரேக்கை முழுதாகப் பிடிக்கும்போது அம்பு அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டால் ஷூ, அதாவது டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் கட்டை, தேய்ந்து முடிந்தது என்று அர்த்தம். நட்டை இன்னும் இரண்டு சுற்று இறுக்கி ஓட்டுவது பலர் செய்கிற தப்பு. உங்களுக்கு ஷூ எப்போது மாற்றியது என்று தெரியாது. ஆகவே இரண்டு சக்கரத்தையும் ஒரு முறை கழற்றச் சொல்லி நேரில் பாருங்கள். டிரம்மின் உள்பக்கத்தை விரலால் தடவினால் வழவழப்பாக இருக்க வேண்டும், வரி வரியாகக் கோடு விழுந்திருக்கக் கூடாது. உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியை வாயால் ஊதவோ காற்றடிக்கவோ விடாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு, அது நுரையீரலுக்கு ஆகாது. ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

டயரில் பட்டன் எவ்வளவு இருக்கிறது என்று எல்லோரும் பார்க்கிறார்கள், வயதைப் பார்ப்பதில்லை. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3114 என்றால் 2014-ஆம் வருடம் 31-ஆவது வாரத்தில் செய்தது. நம் ஊர் வெயிலில் வருடக்கணக்கில் நின்ற டயரின் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு ஓடியிருக்கும். பட்டன் முழுசாக இருந்தாலும் அதை வைத்து ஓட்டாதீர்கள். டயர் மாற்றும்போது டியூபும் புதிது போடுங்கள். காற்று, தனியாகப் போகும்போது நான் முன்னால் 25, பின்னால் 28 வைக்கிறேன். காலையில் டயர் சூடாவதற்கு முன் அடிக்க வேண்டும், சித்திரை மாத மதியத்தில் சூடான டயரில் அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும். கம்பி வீல் என்றால், ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் லேசாகத் தட்டிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றுங்கள். இறுக்கமான கம்பி 'டிங்' என்று கணீரென ஒலிக்கும், தளர்ந்தது மொத்தையாகச் சத்தம் போடும். காது தானாகக் கண்டுபிடித்துவிடும்.

செயின் இந்த வண்டியில் முழுக் கவருக்குள் மறைந்திருக்கிறது. அதனால்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றி, சென்டர் ஸ்டாண்டில் நியூட்ரலில் வைத்து, விரலால் செயினை மேலும் கீழும் தள்ளுங்கள். இரண்டரை சென்டிமீட்டர் அளவு ஆட்டம் சரி. சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நான்கைந்து இடத்தில் பாருங்கள். ஓரிடத்தில் தொளதொளவென்றும் இன்னோரிடத்தில் விறைப்பாகவும் இருந்தால் செயின் செட்டை முழுதாக மாற்ற வேண்டும். செயினை மட்டும் புதிதாகப் போட்டால், தேய்ந்த பல் சக்கரம் அதையும் சீக்கிரம் தின்றுவிடும். வடித்த பழைய ஆயிலைச் செயினுக்கு ஊற்றும் பழக்கம் இங்கே உண்டு. அதில் இரும்புத் துகள் இருக்கிறது, வேண்டாம். 90 நம்பர் கியர் ஆயில் ஒரு பாட்டில் வாங்கினால் ரொம்ப நாள் வரும். இன்னொன்று, செயினை இறுக்கினால் பின் சக்கரம் பின்னே நகரும், பிரேக் மிதியும் மாறிவிடும். ஆகவே செயின் வேலை முடிந்ததும் பின் பிரேக்கையும், மிதித்தவுடன் பிரேக் லைட் எரிகிறதா என்பதையும் சரிபார்த்தே ஆக வேண்டும்.

பிரேக் லைட் என்றதும் பேட்டரி. இந்தப் பழைய ஸ்பிளெண்டரில் பேட்டரி செத்துப்போனாலும் கிக் அடித்தால் வண்டி கிளம்பிவிடும், ஹெட்லைட்டும் எரியும். அதனால் பேட்டரி போனதே தெரியாமல் பலர் ஓட்டுகிறார்கள். ஆனால் ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மூன்றும் பேட்டரியில்தான். இரவில் தேனி ரோட்டில் உங்கள் பின்னால் வரும் லாரிக்காரருக்கு நீங்கள் பிரேக் பிடிப்பது தெரியாது. இன்று இரவே வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தி, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துச் சுவரில் சிவப்பு விழுகிறதா என்று பாருங்கள். தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும், மேல் கோட்டைத் தாண்டாமல். குழாய்த் தண்ணீர் ஆகாது.

அப்புறம் ஆயில். வாங்கிய கையோடு மாற்றிவிடுங்கள். பத்து நிமிடம் ஓட்டி இன்ஜின் சூடாக இருக்கும்போது, அடியில் உள்ள 17 சைஸ் போல்ட்டைக் கழற்றினால் அழுக்கோடு சேர்ந்து வடியும். போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள், மூச்சுப் பிடித்து முறுக்காதீர்கள், அலுமினிய மரை போய்விடும். பைக் ஆயில்தான் ஊற்ற வேண்டும், பாட்டிலில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்று போட்டிருக்கும். இதில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே முங்கி இருப்பதால் கார் ஆயில் ஊற்றினால் வழுக்க ஆரம்பிக்கலாம். கடையில் 900 மில்லி பாட்டிலாகக் கிடைக்கும். அளவு பார்க்கும்போது ஆயில் குச்சியைத் திருகாமல் சும்மா உள்ளே விட்டு எடுங்கள். முதல் மாற்றலுக்குப் பிறகு 500 கிலோமீட்டரிலேயே இன்னொரு முறை மாற்றினால் பழைய கசடு போய்விடும். அதன்பின் நான் 2,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுகிறேன். இந்த வண்டியில் மாற்றிப்போடும் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. கிளட்ச் கவருக்குள் ஒரு வலையும் சுழலும் ஃபில்டரும் இருக்கின்றன. இத்தனை வருடத்தில் ஒருவரும் திறந்து துடைத்திருக்க மாட்டார்கள், மெக்கானிக்கிடம் கேட்டு ஒரு முறை செய்துவிடுங்கள். வடித்த ஆயிலை வாய்க்காலில் ஊற்ற வேண்டாம், ஒர்க்ஷாப்பில் வாங்கிக்கொள்வார்கள்.

பெட்ரோல் டியூபைக் கிள்ளிப் பாருங்கள். விறைத்தோ வெடித்தோ இருந்தால் இன்றே மாற்றுங்கள், சில ரூபாய்தான். இப்போது பெட்ரோல் பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை, ஈரத்தையும் இழுக்கும். வாரக்கணக்கில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் டேங்குக்குக் கீழே உள்ள பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பதை வடித்துவிடுங்கள். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சாக இருந்தால் மண்ணெண்ணெயில் அலசிப் பிழிந்து, துளி ஆயில் தடவி மாட்டலாம். காகிதம் என்றால் புதிது. இன்ஜின் தலையில் வால்வைத் தட்டும் டப்பெட்டின் சத்தம் லேசாகக் கேட்டால் விட்டுவிடுங்கள். சத்தமே வராதபடி இறுக்கச் சொன்னால் வால்வு கருகிவிடும். மழையில் கர்டர் பாலத்துக்கு அடியில் தண்ணீர் நின்றால் சுற்றிப் போங்கள். சைலன்சர் முங்கி வண்டி நின்றுவிட்டால் கிக் அடிக்காமல் தள்ளிக்கொண்டு வாருங்கள்.

பேப்பர் விஷயம். 2007-இல் பதிவான வண்டிக்குப் பதினைந்து வருடம் 2022-லேயே முடிந்துவிட்டது. ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறார்களா என்று ஆர்சியில் பாருங்கள். வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், இன்சூரன்ஸும் உங்கள் பெயருக்கு வர வேண்டும்.

அம்மாவை ஏற்றிப் போவது பற்றி. தாராளமாகப் போகலாம், மேலே சொன்ன பிரேக், டயர், செயின், பேட்டரி நான்கும் முடிந்த பிறகு. அதற்கு முன் நீங்கள் மட்டும் ஒரு முறை செக்கானூரணி வரை போய்த் திரும்பி, இறங்கியவுடன் இரண்டு டிரம்மையும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பிரேக் உரசிக்கொண்டே ஓடுகிறது. பின்னால் ஆள் உட்காரும்போது பின் டயருக்குக் கூடுதல் காற்று வேண்டும், அளவு வண்டியின் கையேட்டில் இருக்கிறது. இடது பக்கச் சேலை கார்டு அழகுக்கு வைத்தது என்று முந்தைய ஓனர் கழற்றிப் போட்டிருந்தால் முதல் வேலையாக மாட்டுங்கள், முந்தானை கம்பியில் சுற்றினால் ஆளையே இழுத்துவிடும். கால் வைக்கும் கம்பியின் ரப்பர் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். அம்மாவுக்கும் ஒரு ஹெல்மெட் வாங்குங்கள், கடைக்கு அவரையே கூட்டிப்போய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். கொண்டை போடுகிறவர் என்றால் அதோடு போட்டால் சரியாக உட்காராது.